தொட்டி ஒழுகிய கோடை

— அந்த ரப்பர் தக்கையை மட்டும் வெளிய எடுத்துடு, ஹார்லன். மத்தது எது வேணா பெட்டிக்குள்ள இருக்கட்டும்.

— ஏன்க்கா? இருக்கறதுலயே அதுதான் முக்கியமான சாமான். வேதபுத்தகம் எல்லா வீட்டுலயும் இருக்கு. மூக்குக்கண்ணாடி பாதிப் பேர்கிட்ட இருக்கு. தக்கை நம்ம அப்பாகிட்ட மட்டும்தானே இருந்தது.

— தண்ணியில இறங்கறப்போ போட்டுக்குவாரே, மார்பு வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ், அது போதாதா? அதைப் பார்த்தாலே சனங்க அழுவாங்க.

— பூட்ஸைப் பார்த்து யாரும் அழல. நேத்து எல்வுட் அண்ணன் இந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னார். பூட்ஸைப் பார்த்து சிரிச்சார். தக்கையைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். எழுபத்திரெண்டு வயசு மனுஷன், சபை நிர்வாகத்துல தலைமை டீக்கன். நான் சீட்டு கூட எழுதிட்டேன், கேளு: "போதகர் ராய்ஸ் டக்கெட், 1971 கோடையில், விரிசல் விட்ட ஞானஸ்நானத் தொட்டியைத் தம் கையாலேயே செப்பனிட்டபோது கழற்றிய தக்கை."

— சீட்டையும் எடுத்துடு.

— எழுத்து சரியில்லையா? நியாயமா பார்த்தா நீதான் எழுதியிருக்கணும். உன் கையெழுத்து அழகு.

— எழுத்து நல்லாத்தான் இருக்கு.

— முதல்ல உட்காரு. வந்ததுலேர்ந்து வாசலுக்கும் பியானோவுக்கும் நடந்துக்கிட்டே இருக்கே. உன் உருளைக்கிழங்கு சாலட் வண்டியிலயே இருக்குன்னியே, வெயில்ல கெட்டுடப் போகுது.

— கெடட்டும். தொட்டியில தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?

— பாதி. காலையில எட்டு மணிக்குத் திறந்தேன். பொழுது சாயறதுக்குள்ள ரொம்பிடும். நாளைக்கு மூணு பேர் முங்கறாங்க. எல்வுட் அண்ணன் பேத்தியும் அதுல ஒண்ணு.

— இந்தத் தண்ணி விழற சத்தம்தான்டா என்னை உட்கார விடமாட்டேங்குது.

— ஐம்பது வருஷமா கேக்கற சத்தம்தானே.

— அதனாலதான். சரி, நாளைக்கு என்ன பிரசங்கம் பண்ணப் போறே? ஊரை விட்டுப் போனவங்க எல்லாம் திரும்பி வர்ற ஞாயித்துக்கிழமை. அப்பா இல்லாத முதல் வருஷம். சொல்லு, கேக்கறேன்.

— உனக்குத் தெரியாததா? கூடாரம் போட்டு ஏழு பேரோட ஆரம்பிச்சது. பஸ்ஸை அவரே ஓட்டிக்கிட்டுப் போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தது. சாக்ஸ் மில்லுல தீப்பிடிச்சப்போ உள்ள ஓடி ரெண்டு பேரை இழுத்துட்டு வந்தது. அப்புறம் தொட்டி. எழுபத்தொண்ணு கோடையில தொட்டி ஒழுகிடுச்சு. ஆறு வாரம் ஒருத்தருக்கும் ஞானஸ்நானம் குடுக்க முடியல. வெளியாளு யாரும் வேண்டாம்னுட்டு சபை ஆம்பளைங்களைக் கூட்டிகிட்டு, முட்டி தேய உள்ள உட்கார்ந்து பூசினார். ஏழாவது வாரம் ஒரே நாள்ல பதினொரு பேர். அதைச் சொல்லித்தான் முடிக்கப் போறேன். தொட்டிக்கு அவர் பேரைப் பலகையில போட்டாச்சு, பித்தளை. இன்னைக்கு வருது.

— தொட்டி ஒழுகல.

— என்னது?

— எழுபத்தொண்ணுல தொட்டி ஒழுகல, ஹார்லன். ஒரு சொட்டு ஒழுகல.

— அக்கா, நீ காலையில சாப்பிட்டியா?

— கிண்டல் பண்ணாதே. உனக்கு அப்போ நாலு வயசு. எனக்குப் பத்து. நான் இருந்தேன்.

— அப்போ ஆறு வாரம் எதைப் பூசினாங்க?

— நல்லா இருந்த தொட்டியைப் பூசினாங்க.

— ஏன் பூசணும்?

— ஆமோஸ் விட்ஃபீல்டுக்காக.

— அது யாரு? அந்தப் பேரையே நான் கேட்டதில்ல.

— கேட்டிருக்க மாட்டே. சபையில யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர் தெருப் பையன்; நம்மது வெள்ளைக்காரங்க மட்டும் இருந்த சபை. பதினோரு வயசு. அப்பா பஸ் ஓட்டிக்கிட்டுப் போறப்போ அவன் பாட்டுக்குக் கை நீட்டி நிறுத்தி ஏறிக்கிட்டான். அப்பாவும் இறங்குன்னு சொல்லல. ஜூலை மாசம் பிரசங்கம் முடிஞ்சு, மனந்திரும்பறவங்க முன்னால வரலாம்னு அழைப்பு குடுத்தப்போ, நடுப்பாதையில நேரா நடந்து முன்னால வந்துட்டான். அப்பா காதுல என்னமோ சொன்னான். அப்பா அவன் கையைப் பிடிச்சு ஜெபிச்சார். அப்புறம் திரும்பி, வழக்கம்போல சபைக்குச் சொல்லிட்டார். ஆமோஸ் இன்னைக்கு ரட்சிக்கப்பட்டான், வர்ற ஞாயிறு அவனுக்கு ஞானஸ்நானம்னு.

— சபை என்ன சொல்லிச்சு?

— ஒரு ஆமென் கூட வரல. நான் பியானோ பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். டீக்கனுங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

— அப்புறம்?

— அடுத்த ஞாயிறு ஒரு காகிதப் பையோட வந்தான். துண்டு, மாத்துச் சட்டை. சட்டையை அவங்க அம்மா கஞ்சி போட்டுத் தேய்ச்சிருந்தாங்க, மடிப்பு கத்தி மாதிரி நின்னுது. அப்பா வாசல்ல குனிஞ்சு நின்னு சொன்னார், தொட்டி ஒழுகுது கண்ணு, அடுத்த வாரம். அடுத்த வாரமும் பையோட வந்தான். அதுக்கடுத்த வாரமும் வந்தான். ஆறு வாரம்டா. ஏழாவது வாரம் அவன் வரல. அன்னைக்குத்தான் தொட்டி சரியாச்சு. பதினொரு பேர் முங்கினாங்க. முதல் ஆள் நான்.

— பொறு. தொட்டி ஒழுகலன்னா தண்ணி எங்க போச்சு?

— தக்கையைப் பிடுங்கினா தண்ணி எங்க போகும்?

— அப்பாவா பிடுங்கினார்?

— அந்தத் தக்கை நாப்பத்தெட்டு வருஷமா யார் மேஜையில இருந்தது?

— அவர் மேஜையிலதான். கீழ் இழுப்பறையில. அம்மாவோட கல்யாணக் கைக்குட்டையில சுத்தி... நான் பூசின ஞாபகார்த்தமா வச்சிருந்தார்னு நினைச்சேன்.

— நீ நல்லவன். நல்லதாத்தான் நினைப்பே.

— ஏன்க்கா இப்போ? அவர் போய் ஏழு மாசம் ஆகுது. அவர் உயிரோட இருந்தப்போ வாயைத் திறக்கல, நாளைக்கு விழா, இன்னைக்கு வந்து நிக்கறே.

— நாளைக்கு ஆமோஸ் வர்றார்.

— எங்க?

— இங்கதான். பொண்டாட்டியோட. அப்பா காலமானப்போ வந்த அனுதாபக் கடிதத்துக்கெல்லாம் நான்தானே பதில் எழுதினேன். அதுல அவர் கார்டும் இருந்தது. பேப்பர்ல பார்த்தேன், வருத்தமா இருந்தது, உங்க அப்பா எனக்காகப் பண்ணின ஜெபம் இன்னும் ஞாபகம் இருக்குன்னு எழுதியிருந்தார். கீழ ஒரு வரி. "தொட்டி சரியாயிடுச்சா?"

— கேலியா கேட்டிருக்கார்.

— கேலியா, நிஜமா கேட்டாரான்னு தெரியலடா. அதுதான் என்னைத் தூங்க விடல. கேலின்னா தாங்கிக்குவேன். நிஜமாவே இன்னும் அதை நம்பிக்கிட்டு இருந்தார்னா? பதில்ல விழாவுக்கு வாங்கன்னு எழுதிட்டேன். வர்றேன்னு எழுதிட்டார்.

— என்னைக் கேக்காம.

— கேட்டா வேண்டாம்பே.

— வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இப்போ நான் என்ன பண்ணணுங்கறே?

— அவர் பெஞ்சில உட்கார்ந்திருக்கறப்போ தொட்டி விரிசல் விட்ட கதையைச் சொல்லாதே. நடந்ததைச் சொல்லு.

— நீ சுலபமா சொல்லிட்டே.

— நானே சொல்லுவேன். ஆனா நான் பேசக்கூடாதே. பியானோ வாசிக்கலாம், சாலட் பண்ணலாம். சபையில பொம்பள வாயைத் திறக்கக் கூடாதுன்னு அப்பா போட்ட சட்டம். நீயும் அதை எடுக்கல.

— அக்கா, பெத்தவரோட நிர்வாணத்தை ஊருக்குக் காட்டறது மகன் வேலையா? வேதத்துல குடிச்சுட்டுக் கூடாரத்துல அம்மணமா கிடந்த அப்பனை மகனுங்க எப்படிப் போத்தினாங்க? முகத்தைத் திருப்பிகிட்டு, பின்னாலயே நடந்து போய். பார்த்துட்டு வெளிய வந்து சொன்னவன் குலமே சாபத்துக்கு ஆளாச்சுன்னு உனக்கே தெரியும்.

— தெரியும். அப்பா வருஷத்துக்கு ரெண்டு தடவை அதைப் பிரசங்கம் பண்ணுவார். அதே வேதத்துலதான் அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துகிட்ட ராஜா கதையும் இருக்கு. அதை யார் போர்வை போட்டு மூடினாங்க? மூடல. ஆனாலும் அந்த ராஜா எழுதின பாட்டைத்தானே ஞாயித்துக்கிழமை பாடறோம். தப்பைச் சொன்னதால அவருக்கு என்ன குறைஞ்சு போச்சு?

— நீ அவருக்குப் பொண்ணா, எதிர்க்கட்சி வக்கீலா?

— மில்லு தீயில அவர் முதுகு வெந்துச்சே, ரெண்டு மாசம் அதுக்கு மருந்து போட்டது யாரு? நான்தான். கடைசி மூணு வருஷம் வாய் கோணினப்புறம் சோறு ஊட்டினது யாரு? எனக்கு அவரைப் பிடிக்காதுன்னு நினைக்கறியா?

— பிடிக்கும்னா விட்டுடேன்.

— தீக்குள்ள போக பயப்படாத மனுஷன், ஆறு டீக்கனுங்களுக்குப் பயந்தார்டா. ரெண்டும் அவர்தான். நீ ஒண்ணைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கறே, ஒண்ணை இழுப்பறையில வைக்கறே.

— அந்தக் காலம் அப்படி.

— காலத்தையா நாளைக்குப் பலகையில எழுதி மாட்டறே? அவர் பேரைத்தானே?

— உள்ள யாரு இருக்கீங்க? எல்வுட் வந்திருக்கேன். ட்ரில் கொண்டாந்திருக்கேன். பலகையும் வந்திடுச்சு, தூக்க முடியல, கனம். பாஸ்டர் தம்பி, எந்தச் செவுத்துல மாட்டணும்? அட, வெர்னா பாப்பாவும் இங்கதான் இருக்கா. உன் வண்டியில சாலட் வேகுது பாப்பா, கண்ணாடி வழியா பார்த்தேன்.

— வாங்கண்ணே. பலகையை அந்தப் பெஞ்சில வைங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அக்கா என்னமோ சொல்றா.

— கேளுங்க தம்பி.

— எழுபத்தொண்ணுல தொட்டியைப் பூசினீங்களே. விரிசல் எவ்வளவு நீளம் இருந்தது?

— விரிசலா?

— ஆமா.

— என்னத்தைச் சொல்ல. ரெண்டு நாளு டார்ச் அடிச்சுப் பார்த்தோம். சாக்குக்கட்டியால கோடு போட்டுப் போட்டுப் பார்த்தோம். என் மாமனார் காதை வச்சுக் கேட்டாரு. விரிசல்னு கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

— அப்புறம் எதைப் பூசினீங்க?

— முழுசையும் பூசினோம். பாஸ்டர் ஒழுகுதுன்னாரு. அவர் ஒழுகுதுன்னா ஒழுகுது. நமக்குக் கண்ணு தெரியலன்னு வச்சுக்க வேண்டியதுதான். அந்த மனுஷன் என்னை ரோட்டோரச் சாக்கடையிலேர்ந்து தோள்ல தூக்கிட்டு வந்தவரு, தம்பி. வாந்தியோட. அவர் வீட்டுல, அவர் கட்டில்ல படுக்கப் போட்டாரு. அவர் சொல்லை அளந்து பார்க்க நான் யாரு?

— எல்வுட் அண்ணே, நான் கேக்கறேன். ஆமோஸை ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— பாப்பா, அந்தப் பேச்சு இப்போ எதுக்கு?

— நாளைக்கு அவர் வர்றார்.

— யாரு, அந்தப் பையனா?

— பையன் இல்ல. அம்பத்தொம்பது வயசு.

— தம்பி, என்ன இது? யாரு கூப்பிட்டது?

— அக்கா கூப்பிட்டிருக்கா. அப்பா பண்ணினதை நாளைக்கு நான் சபையில சொல்லணும்னு நிக்கறா.

— இங்க பாருங்க. உங்க ரெண்டு பேரையும் இடுப்புல வச்சுத் தூக்கினவன் நான். அதனால சொல்றேன். பாஸ்டர் ராய்ஸ் மேல அந்தப் பிரசங்க மேடையிலேர்ந்து ஒரு சொல்லு விழுந்துச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். நான் போனா எனக்குப் பின்னாடி பதினோரு குடும்பம் போகும். அப்புறம் புதன்கிழமை கைதூக்கி ஓட்டு எடுப்பாங்க, தம்பிக்கு இந்த மேடை இருக்காது. மிரட்டல. நடக்கப் போறதைச் சொல்றேன்.

— தெரியும்ணே.

— உங்க அப்பாகிட்ட அன்னைக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க.

— என்னைக்கு, யாருன்னு சொல்லுங்க, எல்வுட் அண்ணே.

— வுடு பாப்பா.

— சொல்லுங்கண்ணே. எனக்குத் தெரிஞ்சதுதான். இவனுக்குத் தெரியட்டும்.

— வெள்ளிக்கிழமை. டீக்கனுங்க ஆறு பேரும் உங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் அப்போ டீக்கன் இல்ல, மாமனாரை வண்டியில கொண்டாந்து விட்டவன். வாசல்ல நின்னேன். கதவு திறந்திருந்துச்சு. ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் தண்ணியில இறங்கினா, திங்கக்கிழமை, சபை குடுத்த போதகர் வீட்டைக் காலி பண்ணிக்குடுங்கன்னாரு என் மாமனார். உங்க அம்மா காபி ஊத்திக்கிட்டிருந்தாங்க. ஊத்திக்கிட்டே இருந்தாங்க, சாசர் ரொம்பி மேஜையில ஓடிச்சு.

— அப்பா என்ன சொன்னார்?

— சனிக்கிழமை தண்ணி திறந்து விடறது என் வேலை, நான் திறந்து விடுவேன்னாரு. அவ்வளவுதான். திறந்தும் விட்டாரு தம்பி, காலையிலேயே. நான் பார்த்தேன். சரி, மனுஷன் கெட்டியா நிக்கப் போறாரு, வீடு போகப் போகுதுன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை வந்தா தொட்டி காலி. ஒழுகிடுச்சுங்கறாரு.

— ஆக உங்களுக்கும் தெரியும்.

— தெரியும்னு எப்பிடிச் சொல்ல? தெரிஞ்சுக்க விரும்பல. தொட்டியில தக்கை இல்ல. தக்கை எங்கன்னு கேட்டேன். தேய்ஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னாரு. நானே கடைக்குப் போய்ப் புதுத் தக்கை வாங்கிட்டு வந்தேன். நாப்பத்தெட்டு வருஷம் நம்பிட்டேன். நேத்து தம்பி கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கறதைப் பார்க்கறேன். ஓரம் கூடத் தேயல. அதான் அழுதேன். பூட்ஸுக்காக இல்ல.

— உட்காருங்கண்ணே.

— உட்கார மாட்டேன். ஒண்ணு சொல்லணும். மூணாவது வாரம் நான் தொட்டிக்குள்ள பூச்சுக் கரண்டியோட குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்வாசல் வழியா அந்தப் பையன் எட்டிப் பார்த்தான். பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. ஐயா, முடிஞ்சுடுச்சுங்களான்னான். அடுத்த வாரம்டான்னேன். உங்களுக்கு உதவி பண்ணட்டுமா ஐயா, சீக்கிரம் முடியும்ல, அப்பிடின்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உடுப்பு அழுக்காயிடும், போன்னேன்.

— அண்ணே.

— வுடு பாப்பா. நாளைக்கு எந்தப் பக்கம் உட்காருவாரு அவரு?

— வாசல்கிட்ட உட்கார்ந்தா நான் முன்னால கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்.

— கூட்டிட்டு வராதே. அவர் எங்க உட்காரணுமோ உட்காரட்டும். தம்பி, ட்ரில்லை இங்க வச்சுட்டுப் போறேன். பலகையை நாளைக்கு அப்புறம் மாட்டிக்கலாம். செவுரு எங்கயும் போகாது. நான் மரத்தடியில சாப்பாட்டு மேஜை போடப் போறேன். அந்த சாலட்டையும் எடுத்துக் குளிர்ல வைக்கறேன். சாவி குடு பாப்பா.

— அண்ணே, நாளைக்கு நான் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்களா?

— தெரியல தம்பி. கால்தான் சொல்லணும்.

— போயிட்டார். பார்த்தியாக்கா, எப்படி நடக்கறார்னு. ஒரு மணி நேரத்துல அந்த மனுஷனுக்குப் பத்து வயசு கூட்டிட்டோம்.

— நாம கூட்டல. அது அவருக்குள்ளயே இருந்தது.

— தண்ணி?

— முக்காலுக்கு வந்திடுச்சு.

— ஆமோஸ் நாளைக்கு அந்தத் தண்ணியைப் பார்ப்பார் இல்ல? தொட்டிக் கண்ணாடி வழியா. ரொம்பி இருக்கும்.

— பார்ப்பார்.

— சரிக்கா. சொல்றேன். மேடை போனா போகட்டும். கூரை வேலைக்காவது போய்க்கறேன். அப்பாவைக் குறைச்சும் பேச மாட்டேன், மறைச்சும் பேச மாட்டேன். இப்படித் தொடங்கட்டுமா? கேளு. எங்க அப்பா ரெண்டு உசுரைக் காப்பாத்தத் தீக்குள்ள போனார். அதே அப்பா ஒரு சனிக்கிழமை, பதினோரு வயசுப் பையன் முங்க வேண்டிய தண்ணியை, தன் கையாலேயே...

— நிறுத்து.

— என்ன?

— அப்படிச் சொல்லாதே.

— எப்படிச் சொல்லாதேங்கறே?

— தன் கையாலேன்னு.

— அக்கா, மத்தியானத்துலேர்ந்து என்னைப் பிழிஞ்சு எடுத்தே. சொல்லு சொல்லுன்னே. எல்வுட் அண்ணனையும் அழ வச்சாச்சு. இப்போ சொல்றேன்னா நிறுத்துங்கறே. என்னதான் வேணும் உனக்கு?

— அப்பாதான் பிடுங்கினார்னு உன் வாயால கேட்டாப் போதும், அதோட விட்டுடலாம்னு நினைச்சுதான்டா வந்தேன். காதுல விழுந்ததும் முடியல. அவர் செத்தவர். மறுத்துப் பேச மாட்டார். உயிரோட இருந்தப்பவும் மறுக்கல.

— எதை மறுக்கல?

— தக்கையைப் பிடுங்கினது அப்பா இல்ல.

— பின்ன யாரு? டீக்கனுங்களா?

— நான்.

— என்னக்கா உளர்றே.

— டீக்கனுங்க போன ராத்திரி அம்மா தட்டையெல்லாம் பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டியில அடுக்கினாங்க. அழுதுக்கிட்டே அடுக்கினாங்க. எங்க போறோம்னு கேட்டேன். தெரியலன்னாங்க. பியானோ வருமான்னு கேட்டேன். அது சபையோடதும்மான்னாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல இங்க பியானோ பழக வந்தேன். யாரும் இல்ல. இதே சத்தம். தொட்டி ரொம்பி வழியற மாதிரி இருந்தது. உடுப்போட இறங்கினேன். என் கழுத்து வரைக்கும் தண்ணி. மூச்சைப் பிடிச்சு உள்ள போய், சங்கிலியைப் பிடிச்சு இழுத்தேன். மூணு தடவை இழுத்தேன், கழண்டு வந்திடுச்சு.

— நீ சின்னப் பொண்ணுக்கா. பத்து வயசு.

— அவனுக்குப் பதினொண்ணு.

— அதுக்காக... நான் இதை எப்படிச் சபையில சொல்லுவேன்?

— நீயா சொல்ல வேண்டாம். நாளைக்குப் பிரசங்கம் முடிஞ்சு அழைப்பு குடுப்பே இல்ல? பாவத்தைச் சொல்ல வர்றவங்க நடுப்பாதையில நடந்து வரலாம். அதுக்குப் பொம்பளைன்னு தடை கிடையாது. நான் நடந்து வருவேன். உன் காதுல சொல்லுவேன். வந்தவங்க சொன்னதைப் போதகர் திரும்பி நின்னு சபைக்குச் சொல்லணும். அப்பா போட்ட வழக்கம்தான்.

— அழைப்பு நேரத்துல பியானோ யார் வாசிப்பா?

— யாரும் வாசிக்க வேண்டாம். ஒரு நாள் சும்மா கிடக்கட்டும்.

— பொறு, எனக்கு ஒண்ணு புரியல. பிடுங்கினது நீன்னா, தக்கை எப்படி அப்பா மேஜைக்குப் போச்சு? அவருக்குத் தெரியுமா?

— நான் தொட்டியை விட்டு ஏறினேன். தண்ணி சொட்டச் சொட்ட, கையில தக்கையோட. பின்கதவுல அப்பா நின்னுக்கிட்டிருந்தார். எவ்வளவு நேரமா நின்னார்னு தெரியாது. கையை நீட்டினார். குடுத்தேன். பாக்கெட்ல போட்டுக்கிட்டார். நாங்க வேற தக்கை போட்டு மறுபடி தண்ணி திறந்து விட்டிருக்கலாம்டா. காலையில வரைக்கும் நேரம் இருந்தது. இதோ இப்போ ரொம்புதே, இதே மாதிரி ரொம்பியிருக்கும்.

— அடிச்சாரா உன்னை?

— இல்லடா. என்னைத் தூக்கி நெத்தியில முத்தம் குடுத்தார்.